ஜடப்பொருள் சித்திரமும் வர்ண சோதனையும்

சித்திரக் கலையின் துறைகளுள் எதனைப் பண்டிதர்கள் கடைசிப் படியில் நிறுத்தினார்களோ, அந்தத் துறையிலிருந்தே வர்ணத்தைப் பற்றிய நுட்பமான உண்மைகளிற் பெரும்பாலானவை வெளிவந்தன என்பது என் அபிப்பிராயம். 1648ல் பாரிஸ் நகரில் ராஜாங்க ஆதரவோடு தோன்றிய சித்திர சபையின் பிரசங்கங்களைத் தொகுத்து அவற்றுக்கு முகவுரை எழுதிய ஆந்திரே ஃபெலிபியன் என்பவர், புராண சரித்திர நிகழ்ச்சிகளைப் பல உருவங்களுடன் தீட்டுவோரைத் தலைமை ஸ்தானத்தில் வைத்து, அவர்களுக்குக் கீழே மனித முகங்களை வரைவோரையும், அவர்களுக்கும் கீழே உயிருள்ள பிராணிகளை வரைவோரையும், எல்லாருக்கும் அடியில் கனிகளையும் புஷ்பங்களையும் சங்குகளையும் வரைவோரையும் நிறுத்தினார். உயிருள்ளது உயிரற்றதைவிட உயர்ந்தது, மனிதன் மற்றப் பிராணிகளைவிட உயர்ந்தவன், ஆதலால் மனிதனுடைய மகத்தான செய்கைகளைக் காட்டும் ஓவியனே உயர்ந்த ஓவியன் என்பது அவருடைய தர்க்கம். விஷயத்தின் மேன்மையைக் கொண்டு கலையின் மேன்மையை அளக்கும் இந்தத் தர்க்கம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஐரோப்பியக் கலைக்கூடங்களில் செல்வாக்குடன் இருந்தது. அவ்விருநூறு ஆண்டுகளிலும் அதற்குப் பின்னரும், மேஜைமேல் ஒரு ஜாடியையும் இரண்டு எலுமிச்சம்பழங்களையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்த சிலர், நிறம் என்பது பொருளில் இருக்கிறதா பார்வையில் இருக்கிறதா, ஒரு நிறம் மற்றொன்றின் பக்கத்தில் வந்தவுடன் அதற்கு என்ன நேருகிறது என்னும் கேள்விகளைப் பொறுமையோடு ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த ஆராய்ச்சியின் போக்கை ஆதி முதல் நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

கலைக்கல்லூரி மாணவர்கள் ‘ஸ்டில் லைஃப்’ என்று வழங்கும் ஜடப்பொருள் சித்திரம் இவ்வாராய்ச்சிக்கு உரிய இடமானதற்குத் தக்க காரணம் உண்டு. எந்தச் சோதனையும் சோதனையென்று மதிக்கப்பட வேண்டுமானால், சோதிப்பவன் ஒன்றை மாத்திரம் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைத்திருக்கக் கூடியவனாக இருக்க வேண்டும். மேஜைமுன் அமர்ந்த ஓவியன் அத்தகையவன். எந்தப் பொருளை எடுப்பது, அதை எங்கே வைப்பது, எந்த ஜன்னலின் வெளிச்சத்தை அதன்மேல் விடுவது, எந்த நிறத் துணியை அதன் பின்னால் தொங்கவிடுவது என்ற நான்கும் அவன் வசத்தில் உள்ளன. ஆரஞ்சுப் பழத்தை அப்படியே வைத்துவிட்டுப் பின்னாலுள்ள பழுப்புத் துணியை எடுத்து நீலத் துணியைப் போட்டால், பழத்தின் நிறம் கண்ணுக்கு எவ்வளவு மாறுகிறது என்பதை அவன் அந்தக் கணமே காணலாம். மேலும், கதை சொல்லும் படத்தில் வீரனின் அங்கிக்கு இன்ன நிறம், தேவமாதாவின் மேலாடைக்கு இன்ன நிறம் என்று வழக்கம் விதித்திருக்கும். முகச்சித்திரத்திலோ, சாயல் தவறினால் படத்திற்குப் பணம் கொடுப்பவர் முகஞ்சுளிப்பார். வெங்காயத்துக்கும் பானைக்கும் அத்தகைய உரிமைகள் கிடையா.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழக்கூடும். வர்ணத்தைப் பற்றிய நவீன ஞானம் திறந்த வெளியில், நிலக்காட்சி ஓவியர்களிடத்தே பிறந்ததல்லவா, வைக்கோற் போர்களையும் ரூவான் தேவாலயத்தையும் வேளைக்கு வேளை தீட்டிய மோனேயை எங்கே வைப்பது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, சூரிய ஒளியில் நிழலும் நிறமுள்ளதே என்ற உண்மையை அறைக்குள் இருந்தவர்கள் அத்தனை துணிவோடு கண்டிருக்கமாட்டார்கள். ஆனால் வெளியில் நிற்பவன் வெளிச்சத்தைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டியவன்; சில நிமிஷங்களில் மேகம் வந்துவிடும், மாலைக்குள் நிழல் திரும்பிவிடும்; அவன் காண்பதெல்லாம் தானாக நேரும் நிகழ்ச்சிகள். மேஜைமுன் இருப்பவனோ கேள்வியைத் தானே அமைத்து, விடை கிடைக்கும் வரை திரும்பத் திரும்பக் கேட்கக் கூடியவன். ஆகவே வெளிச்சத்தை ஆராய நிலக்காட்சியும், நிறங்களுக்குள் உள்ள உறவை ஆராய ஜடப்பொருளும் உதவின என்று பிரித்துக்கொள்வதே பொருத்தமாகும்.

17ஆம் நூற்றாண்டு ஹாலந்தில் இந்த ஓவியம் தனித் துறையாக வளர்ந்தபோது, ஹார்லெம் நகரத்து வில்லெம் க்ளாஸ் ஹேடாவும் பீட்டர் க்ளாஸும் 1630களை ஒட்டித் தீட்டிய சிற்றுண்டி மேஜைப் படங்களை முதலிற் சொல்ல வேண்டும். ஈயத்தட்டு, பச்சைக் கண்ணாடிக் கிண்ணம், பாதி தின்ற பலகாரம், கசங்கிய வெள்ளைத் துணி, சுருள் சுருளாகத் தோல் தொங்கும் எலுமிச்சை ஆகியவற்றை, சாம்பலும் பழுப்பும் மங்கிய பச்சையுமன்றி வேறு நிறம் ஏறக்குறைய இல்லாமலே இவர்கள் எழுதினார்கள். மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் இவற்றை வர்ணமில்லாத படங்கள் என்பார்கள். அது பெரிய தவறு. நிறத்தின் எல்லையைக் குறுக்கிக் குறுக்கி, இறுதியில் எலுமிச்சையின் சிறிய மஞ்சள் ஒன்று முழுப் படத்தையும் ஆளும்படி செய்வது, இருபது குழாய்களையும் பிதுக்கிப் பூசுவதைக் காட்டிலும் கடினமான வித்தை. அடுத்த தலைமுறையில் ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த வில்லெம் கால்ஃப் இதற்கு நேர்மாறான வழியில் சென்று, ஏறக்குறையக் கறுத்த பின்னணியில் சீனப் பீங்கானின் நீலத்தையும் பழத்தின் மஞ்சளையும் எதிரெதிரே நிறுத்தினார். நீலத்துக்கு எதிரில் மஞ்சளும் ஆரஞ்சும் சுடர்விடும் என்பதற்குச் சாஸ்திரம் பிறப்பதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தியே அவருடைய கண் அதை அறிந்திருந்தது.

பிரான்ஸில் ஷார்தென் என்ற பெயரைச் சொல்லும்போது சற்று நின்று போக வேண்டும். 1699 முதல் 1779 வரை பாரிஸில் வாழ்ந்த இவர், தச்சர் ஒருவரின் மகன்; மேற்சொன்ன சித்திர சபை 1728ல் இவரை அங்கத்தினராக ஏற்றுக்கொண்டதும், வயிறு பிளந்து தொங்கும் திருக்கை மீனைக் காட்டும் படம் முதலியவற்றின் பொருட்டே. கடைசிப் படியிலிருந்தவரைச் சபை தன் வாயிற்படியைத் தாண்ட விட்டது என்பதே அவருடைய வர்ணத்தின் சக்திக்குச் சாட்சி. லூவ்ர் அரண்மனையிலுள்ள வெள்ளிக் கோப்பைப் படத்தில், மூன்று சிவந்த ஆப்பிள்களுக்கு அருகே இருக்கும் கோப்பையில் வெள்ளியின் நிறமென்று நாம் சொல்லத்தக்க நிறம் எங்கும் இல்லை; ஆப்பிள்களின் சிவப்பு கோப்பையின் பக்கத்தில் ஏறி அங்கே மங்கித் தங்கியிருக்கிறது; சுற்றியுள்ள இருள் அதன் மற்றப் பக்கத்தைப் பழுப்பாக்கியிருக்கிறது. அண்டைப் பொருள்களின் நிறங்களையெல்லாம் வாங்கித் திருப்பித் தருவதாலேயே அது வெள்ளியாகத் தோன்றுகிறது. 1761ல் அவர் காட்சிக்கு வைத்த காட்டு ஸ்ட்ராபெரிக் கூடையிலும் இதே ஞானம் தொழிற்படுகிறது: கோபுரமாகக் குவித்த செம்மைக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரையும் இரண்டு வெள்ளைப் பூக்களையும் வைத்தார்; அந்தக் குளிர்ந்த வெண்மை இல்லாவிட்டால் அச்செம்மை அவ்வளவு கனிந்து தோன்றாது. அக்காலத்துப் பெரிய விமரிசகரான தீதரோ, அருகே போனால் எல்லாம் குழம்பியும் தள்ளி நின்றால் எல்லாம் உருப்பெற்றும் வரும் இந்த வர்ணப்பூச்சின் மாயத்தை வியந்து எழுதியவர்களில் முதல்வர். சாதாரணப் பண்டங்களின் படத்தைப் பார்த்து அவ்வளவு பெரிய அறிஞர் வியந்தார் என்பதே ஃபெலிபியனின் தர்க்கத்துக்கு நேர்ந்த முதல் தோல்வி என்று நினைக்கிறேன்.

ஓவியர்கள் கண்ணால் அறிந்ததற்கு விதி வகுத்தவர் ஒரு ரசாயன சாஸ்திரி. பாரிஸிலுள்ள கோப்லென் சித்திரத் திரைச்சீலை நெசவுசாலையின் சாயப் பகுதிக்கு 1824ல் தலைவரான ஷெவ்ரல் என்பவரிடம், கறுப்புச் சாயம் சரியாக ஏறவில்லை, நீலத்தோடும் ஊதாவோடும் சேர்த்து நெய்யும்போது வலிமையின்றி வெளிறுகிறது என்ற குறை வந்தது. அவர் நூலைச் சோதித்துப் பார்த்தார், சாயத்தில் குற்றமில்லை. பக்கத்திலிருந்த நிறமே கறுப்பைக் கெடுத்தது என்று கண்டு, பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1839ல் நிறங்களின் உடனிகழ் முரணைப் பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். ஒரு நிறம் தன் பக்கத்திலுள்ளதன்மேல் தனக்கு எதிரான நிறத்தின் சாயலை ஏற்றுகிறது. சிவப்பின் அருகே வைத்த சாம்பல் சற்றுப் பச்சையாகவும், நீலத்தின் அருகே வைத்தது சற்று ஆரஞ்சாகவும் தோன்றும். எதிர் நிறங்கள் இரண்டும் அடுத்திருந்தால் ஒன்றையொன்று தூண்டி இரண்டுமே பிரகாசிக்கும். வாசகர்களில் யாரும் மூன்று துண்டுக் காகிதங்களைக் கொண்டு வீட்டிலேயே இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அதே காலத்தில் வர்ணச் சரக்கிலும் பெரும் புரட்சி நேர்ந்தது. பதக்‌ஷான் மலைகளிலிருந்து வந்த விலையுயர்ந்த கல்லை அரைத்தே எடுக்க வேண்டியிருந்த அல்ட்ராமரீன் நீலத்தை ரசாயன முறையில் செய்வோர்க்குப் பிரெஞ்சுச் சங்கம் ஒன்று அறிவித்திருந்த 6000 ஃபிராங்கு பரிசு, 1828ல் கீமே என்பவருக்குக் கிடைத்தது. வெள்ளைத் துணியின் பழுப்பை மறைப்பதற்காக நம் வீடுகளில் கரைத்துக்கொண்டிருந்த சலவை நீலத்தில் சேர்ந்ததும் இந்தச் செயற்கைச் சரக்குதான், மஞ்சளை நீலம் கொண்டு சமன்செய்யும் அந்த உபாயமும் வர்ண சாஸ்திரமே. கோபால்ட் நீலம், காட்மியம் மஞ்சள், குரோம் மஞ்சள், விரிடியன் பச்சை என்று நூற்றாண்டு முழுவதும் புதுச் சரக்குகள் வந்தபடி இருந்தன. 1841ல் ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகரக் குழாய்க்கு உரிமை பெற்றபின், தைலவர்ணத்தைப் பன்றியின் நீர்ப்பையில் கட்டி வைத்துக் காய்ந்துபோக விடும் அவதியும் ஒழிந்தது.

புதுச் சரக்கும் புது விதியும் கைக்கு வந்தபின் ஓவியர்கள் மேஜையை நாடியது இயல்பே. 1880ல் மானே தீட்டிய தண்ணீர்விட்டான் குருத்துக் கட்டுப் படத்துக்கு எண்ணூறு ஃபிராங்கு விலை சொன்னபோது, வாங்கிய ஷார்ல் எஃப்ருசி ஆயிரமாக அனுப்பினார். மானே உடனே ஒற்றைக் குருத்தொன்றைச் சிறு கித்தானில் தீட்டி, கட்டிலிருந்து விழுந்துவிட்டதென்று குறிப்பெழுதி அனுப்பிவைத்தார். அன்பான இச்செய்கையைப் பலரும் அறிவர். வெண்சாம்பல் மேஜைக்கல்லின்மேல் அதே வெண்சாம்பல் சாயலுடைய குருத்தை, ஊதா நுனி ஒன்றாலேயே பிரித்துக் காட்டிய வர்ண நுட்பத்தைக் கவனிப்பவர்கள் குறைவு.

வான் கோவின் வரலாறு இந்த வர்ண சோதனைக்கு நேரான சாட்சியம். நெதர்லாந்தின் நியூனென் கிராமத்தில் இருந்தபோது அவர் தீட்டிய உருளைக்கிழங்குக் கூடைகளும் பறவைக் கூடுகளும் மண்ணின் இருளில் தோய்ந்தவை. 1885 அக்டோபரில் தந்தையின் பைபிளைத் தீட்டியபோதுதான், கறுப்புக்கும் பழுப்புக்கும் நடுவே, பக்கத்தில் கிடந்த ஒரு நாவலின் அட்டைக்காக எலுமிச்சை மஞ்சளை வைத்துப் பார்த்தார். மறு ஆண்டு பாரிஸுக்கு வந்தபின், ஆட்களை அமர்த்தி வரையப் பணமில்லாத காரணத்தால் புஷ்பங்களை எழுதியதாக ஆங்கில நண்பர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதம், நோக்கத்தையும் ஒளிவின்றிச் சொல்கிறது: நீலத்தை ஆரஞ்சோடும், சிவப்பைப் பச்சையோடும், மஞ்சளை ஊதாவோடும் எதிர்நிறுத்திப் பழகுவதும், அந்த உக்கிரமான முனைகளை இணக்குவதற்கு நடுத்தரமான மங்கல் நிறங்களைத் தேடுவதுமே அவருடைய வேலையாயிருந்தது. இந்த இரண்டாம் பகுதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எதிர்நிறங்களை ஜோடி ஜோடியாகப் பூசினால் படம் அமைந்துவிடும் என்று கருதிய பிற்காலத்தார் பலர் இரைச்சலையே உண்டாக்கினார்கள். வான் கோவுக்கு நடுநிறத்தின் அருமை தெரிந்திருந்தது.

அவருடைய அரக்குப் பெட்டி ஒன்று ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அதனுள் பல நிறக் கம்பளி நூற்பந்துகள். சிலவற்றில் இரண்டு மூன்று நிற இழைகளைச் சேர்த்துச் சுற்றியிருக்கிறார். வர்ணத்தைக் குழைத்து வீணாக்காமல், இரண்டு நிறங்கள் பக்கத்தில் வந்தால் என்ன ஆகும் என்பதை இழைகளைக் கொண்டே பரீட்சித்த இந்த மனிதரை, வெறியின் வேகத்தில் தூரிகையை வீசியவர் என்று கதை கட்டுவது அநியாயம். 1888 ஆகஸ்டில் ஆர்ல் நகரில் தீட்டிய சூரியகாந்திகளும் அந்தப் பயிற்சியின் பயனே. ம்யூனிக்கில் உள்ள படத்தில் மஞ்சள் மலர்களுக்குப் பின்னால் வெளிறிய நீலப்பச்சையை வைத்தார். லண்டனில் உள்ளதில் மஞ்சள் மலர், மஞ்சள் ஜாடி, மஞ்சள் மேஜை, மஞ்சள் சுவர். முதலாவதில் எதிர்மையைச் சோதித்தவர் இரண்டாவதில் எதிர்மையையே நீக்கி, ஒரே நிறத்தின் பேதங்கள் மாத்திரம் ஒரு படத்தைத் தாங்குமா என்று சோதித்தார். தாங்கிற்று. ஹேடா சாம்பலில் செய்ததை இவர் மஞ்சளில் செய்தார் என்று சொல்லத் தோன்றுகிறது.

எல்லாரிலும் ஆழமாகச் சென்றவர் செசான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தென் பிரான்ஸில் எக்ஸ் நகரத்தில் 1839ல் பிறந்து 1906ல் அங்கேயே காலமான இவர், அதே ஜாடி, அதே சர்க்கரைக் கிண்ணம், அதே ஆப்பிள்களைப் பல்லாண்டுக் காலம் விடாமல் எழுதினார். அவர் பொருள்களை அடுக்கும் முறையை நேரிற் கண்ட லூயி ல பாய் என்ற இளம் ஓவியர் சொல்லியிருப்பது கவனிக்கத் தக்கது: துணியை லேசாக மடித்துப் போட்டபின், பச்சையைச் சிவப்புக்கு எதிரிலும் மஞ்சளை நீலத்துக்கு எதிரிலும் வைத்து, பழங்களைச் சாய்த்தும் திருப்பியும், வேண்டிய இடத்தில் காசுகளை அடியில் கொடுத்தும், கண்ணுக்கு விருந்தாகும் வரை அவர் ஓயமாட்டாராம். தூரிகையைத் தொடுவதற்கு முன்பே பாதி ஓவியம் முடிந்துவிட்டது. அவர் வேலை செய்யும் வேகமோ மிகக் குறைவு; பழங்கள் அழுகின, பூக்கள் வாடின, ஆகையால் காகிதப் பூக்களை வைத்துக்கொண்டும் எழுதினார்.

செசானுக்கு முன்பு, ஒரு கோளத்தை உருண்டையாகக் காட்ட வெளிச்சப் பக்கத்தில் வெள்ளையையும் நிழற்பக்கத்தில் கறுப்பையும் பழுப்பையும் கலப்பதே பள்ளிப் பாடம். அதனால் உருவம் கிடைக்கும், நிறம் செத்துப்போகும். செசான் ஆப்பிளின் உருண்டையை நிறங்களின் வரிசையாலேயே எழுப்பினார்: ஒளி நேரே விழும் இடத்தில் மஞ்சள், அது திரும்பும் இடத்தில் ஆரஞ்சு, பின்பு சிவப்பு, அதற்கப்பால் ஊதாச் சாயலுடைய செம்மை, விளிம்பில் நீலம். சூடான நிறங்கள் முன்னுக்கு வருவதாகவும் குளிர்ந்தவை பின்வாங்குவதாகவும் கண்ணுக்குத் தோன்றும் சுபாவத்தைப் பயன்படுத்தி, இருளின் உதவி ஏறக்குறைய இல்லாமலே கனத்தையும் தூரத்தையும் உண்டாக்கினார். 19ஆம் நூற்றாண்டின் முடிவை ஒட்டி, 1899ல், எழுதப்பட்டதாகக் கருதப்படும் ‘ஆப்பிள்களும் ஆரஞ்சுகளும்’ என்ற ஓர்சே அருங்காட்சியகத்துப் படத்தில் வெள்ளைத் துணியைப் பார்த்தால், நீலமும் பச்சையும் காவியும் ரோஜாநிறமும் அதில் கலந்து கிடக்கின்றன. ஆயினும் அது தூய வெள்ளையென்றே மனம் ஏற்கிறது. 1907ல் பாரிஸில் நடந்த அவருடைய நினைவுக் கண்காட்சிக்கு மீண்டும் மீண்டும் போன ஜெர்மன் கவி ரில்கே தம் மனைவிக்கு எழுதிய கடிதங்கள், வர்ணங்கள் தமக்குள் நடத்தும் கொடுக்கல் வாங்கலைப் பற்றி எந்தச் சாஸ்திரியும் எழுதாத தெளிவோடு எழுதப்பட்டவை.

மத்தீஸ் சோதனையை வேறு திசையில் திருப்பினார். 1893ல் மாணவராக லூவ்ரில் அமர்ந்து டச்சு ஓவியர் டெ ஹேமின் விருந்து மேஜையைப் பிரதி எடுத்தவர், 1915ல் அதே படத்தைத் தம் முறையில் உடைத்து மறுபடி கட்டினார். ஒரே மேஜையை வைத்துத் தம் வளர்ச்சியைத் தாமே அளந்துகொண்டார் என்னலாம். 1908ல் ருஷ்ய வியாபாரி ஷூகினுக்காக அவர் எழுதிய சாப்பாட்டு அறைப் படம் முதலில் நீலமாக இருந்தது; நிறைவுறாமல் அதன்மேல் முழுவதும் சிவப்பைப் பூசினார். மேஜையும் சுவரும் ஒரே சிவப்பு, ஒரே கொடிக்கோலம். பழங்களின் மஞ்சளும் ஜன்னலுக்கு வெளியே உள்ள பச்சையும் அதனால் முற்றும் வேறாகிவிட்டன. வெளியில் உள்ள மேஜையின் நிறம் என்னவென்ற கேள்வி இங்கே மறைந்தே போயிற்று. இது விடுதலைதான்; ஆனால் காண்பதற்கும் தீட்டுவதற்கும் இடையே செசான் காத்த கடுமையான ஒப்பந்தம் இதில் தளர்ந்துவிட்டது என்ற வருத்தமும் எனக்கு உண்டு.

அந்த ஒப்பந்தத்தை மறுபடி ஏற்றவர் இத்தாலியின் பொலோன்யா நகரத்து ஜார்ஜோ மொராந்தி. 1890ல் பிறந்து 1964ல் காலமான இவர், மூன்று சகோதரிகளுடன் வசித்த வீட்டின் ஒரு சிறிய அறையில், சில புட்டிகளையும் டப்பாக்களையும் கிண்ணங்களையும் வைத்துக்கொண்டு ஆயுளைக் கழித்தார். புட்டிகளின் பளபளப்பும் பெயர்ச்சீட்டும் நிறத்துக்கு இடையூறு என்று கருதி அவற்றுக்கு வர்ணம் பூசினார். மேல் படிந்த தூசியைத் துடைக்கவில்லை. பொருள்கள் நின்ற இடத்தை அடியிலிருந்த காகிதத்தில் கோடிட்டு வைத்துக்கொண்டார். சோதனைக்கு வேண்டாதவற்றை விலக்கும் விஞ்ஞானியின் ஒழுங்கு இது. மண்நிறம், தந்தநிறம், மங்கிய ரோஜா, சாம்பல் நீலம் என்ற சில நிறங்களுக்குள், ஒரு புட்டி அடுத்ததைத் தொடும் இடத்தில் நிறம் ஒரு மயிரிழை மாறினால் வெளி முழுவதும் அசைவதைக் காண்கிறோம். உரத்த நிறமே வர்ண ஞானம் என்று எண்ணுவோர் இவர் படங்களுக்கு முன்னால் அரைமணி நேரம் நின்றால் அந்த எண்ணத்தைக் கைவிடுவார்கள்.

போதனையிலும் இம்முறை வேரூன்றியது. அமெரிக்காவின் பிராவின்ஸ்டவுன் கடற்கரையில் 1899ல் சார்ல்ஸ் ஹாதார்ன் தொடங்கிய பள்ளியின் மரபில் வந்த ஹென்றி ஹென்ஷே, மாணவர்களுக்கு வர்ணம் பூசிய மரக்கட்டைகளையே வெயிலில் வைத்துக் கொடுத்தார். கட்டையின் ஒவ்வொரு முகமும் ஒரே தட்டையான தளமாதலால், வெளிச்சப் பக்கத்து நிறத்தையும் நிழற்பக்கத்து நிறத்தையும் குழப்பமின்றி ஒப்பிடலாம். வெள்ளைக் கட்டையின் நிழல் என்ன நிறம் என்ற ஒரு கேள்விக்கு உண்மையான விடை காண மாணவனுக்குப் பல காலம் பிடிக்கும்; சாம்பல் என்று முன்கூட்டி அறிந்திருப்பதே அவனுக்குப் பெரிய தடை. ஜோசஃப் ஆல்பர்ஸ் 1963ல் வெளியிட்ட நூலில் பொருளையே நீக்கி நிறக் காகிதங்களைக் கொண்டு இப்பாடத்தைக் கற்பித்தார். காகிதம் உறவை மாத்திரம் கற்பிக்கும். ஒளி விழுந்து திரும்பும் வளைவில் நிறம் படும் பாட்டைக் கற்பிக்க ஒரு பழமாவது வேண்டும் என்பதால், கட்டையும் காகிதமும் மேஜைக்குத் துணையாகலாமே ஒழிய, மாற்றாக முடியாது.

இத்தனை சோதனைகளின் பலனையும் நாம் இன்று படங்களில் அப்படியே காண்கிறோமா என்பது தவிர்க்க முடியாத பிரச்சினை. 1890 மே மாதத்தில், சான் ரெமி மருத்துவ இல்லத்தைவிட்டுப் புறப்படுமுன், வான் கோ ஐரிஸ் மலர்களை இரண்டு கித்தானிலும் ரோஜாக்களை இரண்டு கித்தானிலும் எழுதினார். ஊதா ஐரிஸ்களை ஒன்றில் எலுமிச்சை மஞ்சளுக்கு எதிராகவும் மற்றொன்றில் ரோஜாநிறத்துக்கு எதிராகவும் வைத்ததாகக் கடிதத்தில் குறித்திருக்கிறார். ஒன்றில் கடும் எதிர்மை, மற்றதில் மென்மையான இணக்கம் என்று ஒரே மலரை இருவகையாகப் பரீட்சித்த ஜோடி இது. ஆனால் அவர் வாங்கிய புதுச் சிவப்புச் சரக்குகளுள் சில வெளிச்சத்தில் நிற்கவில்லை. சிவப்பு வெளுத்துப்போனதால் ஊதா ஐரிஸ்கள் நீலமாயின, நியூயார்க்கில் உள்ள படத்தின் ரோஜாநிறப் பின்னணி ஏறக்குறைய வெண்மையாயிற்று, ரோஜாமலர்களும் வெளிறிப்போயின. குரோம் மஞ்சளும் ஒளியினால் பழுப்பேறும் குணமுடையதென்று ரசாயனிகள் நிறுவியிருக்கிறார்கள். ஆகவே ஆம்ஸ்டர்டாமிலுள்ள ஐரிஸ் படத்தில் இன்று நாம் காணும் நீலமும் மஞ்சளும், ஷெவ்ரலின் எதிர்நிற ஜோடியாகிய ஊதாவும் மஞ்சளும் அல்ல. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2015ல் அந்நான்கு படங்களையும் ஒன்றாகக் கூட்டிவைத்தபோது, கடிதங்களையும் ரசாயனப் பரிசோதனையையும் கொண்டு அவற்றின் பழைய நிறங்களைக் கணினித் திரையில் மீட்டுக் காட்டியது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்த மற்ற மலர்ப் படங்களுக்கும் இந்த வேலை நடந்தால்தான் அவ்வோவியர்கள் மேஜைமுன் எதைக் கேட்டு எந்த விடையைப் பெற்றார்கள் என்று நாம் துணிந்து சொல்ல இயலும்.